பனியாற்று பாக்டீரியாவை 28 டிகிரியில் வளர்க்காதீர்கள்

வணக்கம்ங்க தம்பி. இமயமலைப் பனியாற்று மண்ணிலிருந்து எடுத்த பாக்டீரியாக்களை ஈரோட்டில் உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் 28 டிகிரியில் வளர்த்ததாகவும், சீழ்ப்புண் உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிக்கு எதிராக ஒரு வளையம்கூட (கிருமி வளராமல் தெளிவாக நிற்கும் வட்டம்) விழவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். வெப்பம்தான் சிக்கல் என்று நினைக்கிறேன்.

அசல் குளிர்விரும்பிகளுக்கு 15 டிகிரியோ அதற்குக் கீழோதான் உகந்தது. 20-ஐத் தாண்டினால் வளர்ச்சியே நின்றுவிடும். 28-ல் முளைத்தவை குளிரைத் தாங்கிக்கொள்ளும் கூட்டம், இல்லையென்றால் கையிலிருந்து ஒட்டிய நம்மூர்க் கிருமி. குளிரூட்டும் வசதியுள்ள வளர்ப்புப் பெட்டியான பி.ஓ.டி. இன்குபேட்டரை 10 டிகிரியில் வைத்து, சத்துக் குறைந்த ஆர்2ஏ என்ற வளர்ப்பு ஊடகத்தில் பூசி, மூன்று நான்கு வாரம் பொறுங்கள். சித்திரை வெயிலில் கரண்ட் போனால் பெட்டி சீக்கிரம் சூடாகிவிடும். அதனால் கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் ஒரு பிரதி கட்டாயம் வையுங்கள்.

அப்புறம் சோதனை. உங்கள் பாக்டீரியாவையும் ஸ்டெஃபைலோகாக்கஸையும் ஒரே தட்டில் 37 டிகிரியில் வைத்தால் உங்களுடையதுதான் முதலில் சாகும். தனியாகக் குளிரில் வளர்த்து, எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பானில் சாறு பிரித்து, சிறு காகித வட்டின் மேல் ஊற்றி உலர்த்தி, ஸ்டெஃபைலோகாக்கஸ் பூசிய தட்டில் வைத்துச் சோதியுங்கள். ஒப்பிட, வெறும் கரைப்பான் ஊற்றி உலர்த்திய வட்டும் பக்கத்தில் இருக்கட்டும். ஊதாக் காலனி வந்தால் ஜாந்தினோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். அதன் வயலசீன் நிறமி ஸ்டெஃபைலோகாக்கஸை அடக்கும், ஆனால் அது ஏற்கெனவே அறிந்த சேர்மம், புதுக் கண்டுபிடிப்பு ஆகாது.

வளையம் வராததையும் தூக்கி எறியாதீர்கள். வெளுத்த துணியில் மிஞ்சும் பெராக்சைடை நீக்கச் சாயத் தொழிலில் கேட்டலேஸ் நொதி போடுகிறார்கள். தண்ணீரைச் சூடாக்காமலே வேலை செய்யும் கேட்டலேஸ் கிடைத்தால் திருப்பூருக்கு எரிபொருள் மிச்சம். உங்கள் உயிரிகளின் சாறு 10 டிகிரியில் எவ்வளவு வேகமாகப் பெராக்சைடை உடைக்கிறது என்று அளந்து, இங்கேயே எழுதுங்கள்.