சுண்டெலிக் கருவில் பிராக்கியூரி மரபணுவின் வேலை என்ன? வாலின் நீளத்தை மட்டும்தான் தீர்மானிக்கிறதா?

இல்லை. வால் என்பது கண்ணுக்குத் தெரியும் கடைசி விளைவு, அவ்வளவுதான். உடம்பின் நடுப்பகுதியும் பின்பகுதியும் உருவாவதே இந்த மரபணுவை நம்பித்தான். வளர்ச்சி உயிரியலில் எனக்கு ரொம்பப் பிடித்த மரபணு இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1927-இல் பாரிஸில் ஆய்வாளர் நாடின் டோப்ரோவோல்ஸ்காயா-சவட்ஸ்காயா குட்டை வால் சுண்டெலிகளைப் பற்றி எழுதினார். அவற்றிடம் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுது. வால் குட்டை என்பதைத் தவிர நன்றாகவே வாழ்ந்தன. இரண்டு பிரதியும் பழுதான குட்டி மட்டும் பிறப்பதே இல்லை. சுண்டெலியின் கர்ப்பகாலம் 19, 20 நாள். இந்தக் கருக்கள் பத்தாம் நாள் வாக்கிலேயே இறந்துவிடுகின்றன. மரபணுவைப் பிரித்தெடுத்தது 1990-இல், பெர்ன்ஹார்ட் ஹெர்மன் குழு. அது உண்டாக்கும் புரதம் டிஎன்ஏவில் ஒட்டி மற்ற மரபணுக்களின் படியெடுத்தலை (டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ நகல் எடுப்பதை) முடுக்கிவிடும் என்பது அப்புறம் தெரிந்தது.

சரி, கருவுக்குள் என்ன நடக்கிறது? ஆறரை நாளில் கருவின் ஒரு பக்கத்தில் பிரிமிட்டிவ் ஸ்ட்ரீக் என்ற கோடு தோன்றும். மேல் அடுக்கிலிருக்கும் செல்கள் அங்கே ஒன்றையொன்று பிடித்திருந்த பிடியை விட்டு, உள்ளே இறங்கி, விலகிப்போய் மீசோடெர்ம் ஆகின்றன. தசை, எலும்பு, ரத்தம் எல்லாம் அதிலிருந்து வருபவை. பிராக்கியூரி இயங்குவது இந்தக் கோட்டில்தான். பிறகு முதுகுநாணிலும் (கருவின் முதுகு நெடுக ஓடும் தண்டு) வால் முனையிலும் தொடர்ந்து இயங்கும்.

இதை அழகாகக் காட்டியது 1990-களில் நடந்த ஒரு சோதனை. பிராக்கியூரி இல்லாத செல்களைச் சாதாரணக் கருவுக்குள் கலந்துவிட்டார்கள். கோடு வரைக்கும் அவை மற்ற செல்களைப் போலவே வந்தன. அதைத் தாண்டி விலகிப்போகத்தான் முடியவில்லை. குறுகலான வாசலில் சிக்கிய கூட்டம்போல அங்கேயே குவிந்து, கரு வளர வளரப் பின்னால் தள்ளப்பட்டு, கடைசியில் வால் முனையில் சேர்ந்துகிடந்தன. வெறும் வால் அளவு பற்றிய மரபணு என்றால் இப்படி நடக்க வாய்ப்பே இல்லை.

இரண்டு பிரதியும் இல்லாத கருவில் தலையும் இதயமும் உருவாகின்றன. அந்த முன்பகுதி மீசோடெர்முக்கு ஈயோமெஸ் என்ற உறவுக்கார மரபணு கைகொடுக்கிறது. ஆனால் ஏழு சோமைட் (முதுகெலும்பும் தசையும் ஆகப்போகும் மீசோடெர்ம் கட்டி) அளவோடு உடம்பு நின்றுவிடும், முதுகுநாணும் சரியாக அமையாது. இறப்புக்குக் காரணம் வேறு: தொப்புள்கொடியின் தொடக்கமான ஆலன்டாய்ஸ் வளர்ந்து, நஞ்சுக்கொடியின் பகுதியாகும் வெளிச்சவ்வான கோரியானைத் தொடுவதில்லை. தாயோடு ரத்தத் தொடர்பு கிடைக்காத கரு எத்தனை நாள் தாங்கும்?

ஒரு பிரதி மட்டும் இருந்தால் ஏன் வாலில் மட்டும் குறை? உடம்பு முன்னிருந்து பின்னாகக் கட்டப்படுகிறது, வால் கடைசி. பாதி அளவுப் புரதம் முதுகு வரைக்கும் போதுகிறது, வால் முனையில் போதாமல் போகிறது. ஒரு மரபணு இருக்கிறதா இல்லையா என்பதோடு எவ்வளவு இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இதே குடும்பத்தில் டிபிஎக்ஸ்6 என்று ஒன்று. அது இல்லாத சுண்டெலிக் கருவில், சோமைட் ஆகவேண்டிய செல்கள் நரம்புத் திசுவாகி, நடுவில் இருக்கும் நரம்புக்குழலின் (மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழல்) இருபுறமும் இன்னும் இரண்டு குழல்கள் உண்டாகின்றன! 1998-இல் வெளியான அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள்.

மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் பொதுவாக, இந்தப் பிராக்கியூரி மரபணுவுக்குள் ஆலு என்ற டிஎன்ஏ துண்டு நுழைந்திருக்கிறது. அதனால் புரதத்தின் ஒரு பகுதி விடுபட்ட வடிவமும் உண்டாகிறது. 2024-இல் வந்த ஆய்வில் அந்தக் குறை வடிவத்தைச் சுண்டெலிகளில் உண்டாக்கினார்கள். சிலவற்றுக்கு வால் குட்டையானது, சிலவற்றுக்கு வாலே இல்லை. சில கருக்களில் நரம்புக்குழல் முழுதாக மூடவும் இல்லை.