சாவு வீட்டுப் பூவேலைக்குப் போகலாமா என்று கேட்ட தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

நிலக்கோட்டையில் அப்பாவின் பூக்கடையில் வளர்ந்தவள், கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, ஈசூனில் ஒரு சீன முதலாளியின் பூக்கடையில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், ஆனால் முக்கால்வாசி வேலை இறுதிச் சடங்குக்கான மலர் வளையங்கள்தான் என்று எழுதியிருக்கிறாய். போகலாமா, கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் ஆகும், சம்பளம் எவ்வளவு கேட்கலாம், வாடகை எப்படி, மாமியார் வேண்டாம் என்கிறாரே என்ன செய்வது என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாய். சம்பளத்துக்கும் வாடகைக்கும் பதில் சொல்ல இங்கே ஆளுக்கா பஞ்சம்? அவர்களிடம் கேட்டுக்கொள். எனக்குத் தெரிந்தது பூ. அதிலும் சாவு வீட்டுப் பூ. அதைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. கணவர் நிரந்தரவாசி, உன்னிடம் நீண்டகால வருகை அனுமதி இருக்கிறது என்கிறாய். அந்த அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதம் தனியாக வேண்டும். "சும்மா வந்து உட்கார்ந்து பழகு, கையில் காசு தருகிறேன்" என்று யார் சொன்னாலும் நம்பாதே. பிடிபட்டால் அவதிப்படப்போவது நீயும் உன் கணவரும்தான். சார்ந்திருப்போர் அட்டையில், அதாவது கணவரின் வேலை அட்டையைச் சார்ந்து, வந்திருக்கும் தோழியையும் கூடவே அழைத்துப்போகலாமா என்று கேட்டிருந்தாய். 2021 மே முதல் அவர்களுக்கு இந்தக் கடிதம் செல்லாது, தனி வேலை அட்டை எடுத்தாக வேண்டும். முன்பு அப்படித்தான் வேலை பார்த்தேன் என்று சொல்லும் பழைய ஆட்களின் பேச்சைக் கேட்டு அந்தப் பெண்ணை மாட்டிவிடாதே.

இனி வேலைக்கு வருவோம். உன் கைக்குப் பூக் கட்டத் தெரியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நானும் தோவாளைப் பக்கத்திலிருந்து வந்தவள். பிச்சியும் அரளியும் கட்டி வளர்ந்த கையோடு 1996-ல் இங்கே இறங்கினேன். முதலில் தேக்கா பக்கம் பஃபலோ ரோட்டில் ஒரு மாலைக்கடை. விடியற்காலையிலேயே நின்றுகொண்டு கட்டவேண்டும். தங்கியிருந்த அறையில் சன்னலே கிடையாது. நாள் முழுக்க வாசனையில் நின்றுவிட்டு அந்த அறைக்குத் திரும்புவது அன்றைக்கு எனக்குப் பெரிய துன்பமாக இருந்தது. பிறகுதான் தோ பாயோவில் இறுதிச் சடங்கு மலர்கள் செய்யும் சீனக் கடைக்குப் போனேன். அங்கே ஒரு வயதான ஹொக்கியன் அம்மா. ஆண்டி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இன்றைக்கு ஹொக்கியனில் விலை பேசுவேன், மாண்டரினில் ஆறுதல் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை, அந்த மேசையில் கற்றதுதான் எல்லாம்.

மாலைக்கும் வளையத்துக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் கண்ணுக்குப் பழக்கு. மாலையைக் கையில் ஏந்தி, கிட்டத்தில் பார்ப்பார்கள். சில மணி நேரம் வாடாமல் இருந்தால் போதும். சீனர் வீட்டு வளையம் ஸ்டாண்டில் நிமிர்ந்து நிற்கும், வருகிறவர்கள் தூரத்திலிருந்து பார்ப்பார்கள், மூன்று நாளோ ஐந்து நாளோ நிற்கவேண்டும். உடலை அவர்கள் பெரும்பாலும் ஒற்றைப்படை நாள்தான் வைத்திருப்பார்கள். அதுவும் எங்கே? வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்கின் கீழ்த்தளத்தில், நாலு பக்கமும் திறந்த இடத்தில், நகர மன்றத்தின் அனுமதியோடு போட்ட கூடாரத்தில், பெரிய பெரிய மின்விசிறிகளின் காற்றில். வெயிலைவிட அந்தக் காற்றுதான் பூவைக் கொல்லும். மல்லிகை ஒரு வேளைகூடத் தாங்காது. கேமரன் மலையிலிருந்து வரும் செவ்வந்தியும் தாய்லாந்து ஆர்க்கிட்டும் தாங்கும். வந்த பூவை அப்படியே எடுத்துக் குத்தாதே. தண்டைச் சாய்வாக வெட்டி, சில மணி நேரம் ஆழமான வாளித் தண்ணீரில் நிறுத்திய பிறகே தொடு.

பச்சை நிற நுரைக்கட்டி ஒன்று கொடுப்பார்கள், கடையில் ஓயாசிஸ் என்பார்கள். அவசரத்தில் எல்லோரும் அதைத் தண்ணீருக்குள் கையால் அழுத்துவார்கள். நீ அழுத்தாதே. தொட்டி நிறையத் தண்ணீர் வைத்து அதன்மேல் கட்டியை மிதக்கவிடு. குமிழி விட்டுக்கொண்டு தானாகவே மெல்ல மெல்ல இறங்கும். விளிம்பு நீர்மட்டத்துக்கு வந்ததும் எடுத்துவிடு. அழுத்தினால் மேல்பக்கம் ஈரமாகிவிடும், நடுவில் காற்று சிக்கி உலர்ந்தே கிடக்கும். அந்த இடத்தில் குத்திய பூ மறுநாள் காலையில் தலை தொங்கிவிடும். நனைத்த கட்டி ஒருமுறை காய்ந்துவிட்டால் மறுபடி சரியாகத் தண்ணீர் குடிக்காது, தூக்கி எறிந்துவிடு. ஒரு கட்டி ஏறத்தாழ 2 லிட்டர் குடிக்கும். பெரிய வளையத்தில் எத்தனை கட்டி என்று பார்த்து, அந்தப் பாரத்தை ஸ்டாண்டின் கால் தாங்குமா என்று கடையிலேயே அசைத்துப் பார். கூட்டத்துக்கு நடுவே சவப்பெட்டிக்கு முன்னால் வளையம் சாய்வதைப்போல ஒரு கேடு வேண்டாம்.

அதன்பின் செவ்வந்தித் தலைகளைத் தோளோடு தோள் ஒட்டி, நுரை கொஞ்சமும் தெரியாமல் நிரப்பவேண்டும். முடித்ததும் ஆண்டி வளையத்தை நிறுத்திவிட்டு, கடைக்கு வெளியே நடைபாதை ஓரம் வரை போய் நின்று திரும்பிப் பார்ப்பார். அங்கிருந்து பச்சை தெரிந்தால் உள்ளே வந்து, ஒன்றும் பேசாமல் இரண்டு செவ்வந்தியை எடுத்து என் உள்ளங்கையில் வைப்பார். அவ்வளவுதான் பாடம். இன்றும் என்னிடம் வேலை பழகும் பிள்ளைகளை நான் அந்த நடைபாதைக்கு அனுப்புகிறேன்.

லில்லி வைத்தால், மொட்டு விரிகிறபோதே உள்ளே இருக்கும் மகரந்த நுனிகளைக் கிள்ளிவிடு. துக்க வீட்டில் வெள்ளைச் சட்டை போட்டிருப்பார்கள், அந்தக் காவிக் கறை லேசில் போகாது. யார் மேலாவது பட்டுவிட்டால் ஈரத்துணியால் தேய்க்க விடாதே, ஒட்டுநாடாவை வைத்து மெல்ல எடு.

இவையெல்லாம் கை சார்ந்த வேலை. நீ ஓரிரு மாதங்களில் பிடித்துக்கொள்வாய். வருடக்கணக்கில் கற்கவேண்டியது வேறு: யார் வீட்டுக்குப் பூ போகிறது என்பது. ஊரிலிருந்து வந்தவர்கள் தவறுவது இங்கேதான். "எங்கள் ஊரில் இப்படித்தான்" என்ற பேச்சை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கவேண்டும். ஒரே நாளில் இரண்டு வீட்டுக்குப் பூ அனுப்பியிருக்கிறோம். ஒன்று, சுமங்கலியாகப் போன ஒரு தமிழ் அம்மாவுக்கு. சிவப்பு ரோஜாவும் மல்லிகைச் சரமும் இல்லாமல் அந்த வீட்டுப் பெண்கள் விடமாட்டார்கள். இன்னொன்று, இரண்டு புளோக் தள்ளி, நடுவயதில் போன ஒரு சீனருக்கு. அங்கே சிவப்பாக ஒரு இதழ் தெரிந்தாலும் குடும்பத்தின் முகம் மாறிவிடும், வெள்ளையும் மஞ்சளும்தான். அதே சீனரில் எண்பதைக் கடந்து நிறைவாழ்வு வாழ்ந்தவர் என்றால், சில குடும்பங்களே இளஞ்சிவப்பு கேட்கும், சிவப்பும் கேட்கும். ஆகவே வயதைக் கேள். மதத்தைக் கேள், ஏனென்றால் சீனரில் பௌத்தரும் உண்டு, தாவோ வழியினரும் உண்டு, கிறிஸ்தவரும் உண்டு, கிறிஸ்தவர் வீட்டில் சிலுவை வடிவம் கேட்பார்கள். கூச்சப்படாமல் கேள். துக்கத்தில் இருப்பவர்களை எப்படிக் கேட்பது என்று தயங்கி, தானாக ஊகித்து அனுப்புவதுதான் அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

மலாய் நண்பர் ஒருவரின் தந்தை தவறிவிட்டார், வளையம் அனுப்புங்கள் என்று அலுவலகங்களிலிருந்து போன் வரும். ஆர்டரை எழுதிக்கொள்ளாதே. மலாய் முஸ்லிம்கள் கூடிய சீக்கிரம் அடக்கம் செய்துவிடுவார்கள், வளையம் வைக்கும் வழக்கமும் இல்லை. கல்லறைக்குப் போகும்போது தூவ உதிரிப்பூவும் நறுக்கிய பாண்டான் இலையும் பன்னீரும் எடுத்துப்போவார்கள். அதை வேண்டுமானால் செய்து கொடுக்கலாம் என்று பக்குவமாக எடுத்துச் சொல். ஒரு விற்பனை போனால் போகட்டும்.

இன்னொன்றையும் கட்டாயம் கேள்: பூ எதுவரை போகிறது? இன்று அடக்கத்துக்குத் திறந்திருக்கும் ஒரே இடம் சுவா சூ காங். 1998 முதல் அங்கே ஒரு குழிக்கு 15 ஆண்டுகள்தான். அதனால் மதம் தடுக்காத குடும்பங்களில் பெரும்பாலானவை தகனத்தையே தேர்ந்தெடுக்கின்றன. பெட்டியின் மேல் இருக்கும் சிலுவை கல்லறைக்குத்தான் போகும் என்று நினைத்துக் கம்பியும் பிளாஸ்டிக்கும் வைத்துக் கட்டிவிடாதே. மண்டாய் தகனச் சாலையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நேரம் குறித்திருக்கும், அடுத்த குடும்பம் வெளியே காத்து நிற்கும். அந்த நேரத்தில் நின்று கம்பியைப் பிரித்துக்கொண்டிருக்க முடியாது. பெட்டியோடு தீக்குள் போகும் பூவுக்கு நாரும் நூலும்தான். நம் ஊர்க் கை அங்கே பெரிய உதவி. வாழைநாரில் முடிச்சுப் போடத் தெரிந்தவளுக்குக் கம்பி எதற்கு? கடலில் அஸ்தி கரைக்க செமக்காவ் தீவுக்குத் தெற்கே படகில் போகிறவர்களுக்கும் மாலையாகக் கொடுக்காதே, உதிர்த்த இதழாகப் பையில் கொடு.

மாமியார் விஷயம். எனக்கும் இதுதான் நடந்தது. "சாவு மாலை கட்டிய கையோடு வீட்டுக்குள் வருகிறாளே" என்று உறவுக்காரப் பெண்கள் பேசினார்கள். விளக்கேற்றக் கூடாது, குழந்தையைத் தூக்கக் கூடாது என்றார்கள். அப்படிப் பேசியவர்கள் வீட்டில் துக்கம் வந்தபோது முதல் போன் எனக்குத்தான் வந்தது, நானும் போனேன், நல்ல ரோஜா மாலையாகக் கட்டிப்போட்டேன். இங்கேயே மூன்று நான்கு தலைமுறையாக வாழும் தமிழர்கள் இந்த வேலையைக் குறைவாகப் பார்ப்பதில்லை. புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு நாள் கல்யாணமும் மறுநாள் சாவும் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். புதிதாக வந்து, வீடு வாங்கி, கார் வாங்கியவர்களிடம்தான் இந்தத் தீட்டுப் பேச்சு அதிகம் கேட்கிறேன். அவர்களே மாலைக்கு வரும்போது "மதுரையில் இது என்ன விலை தெரியுமா" என்று பேரமும் பேசுவார்கள். மல்லிகை விமானத்தில் வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியாதா? உன் மாமியாரிடம் சண்டை வேண்டாம். வேலை முடிந்து குளித்துவிட்டு வீட்டுக்குள் போ, சம்பளத்தில் அவருக்கும் கொஞ்சம் கொடு. காலம் ஆகும், ஆனால் மாறுவார்கள். என் வீட்டில் மாறினார்கள்.

இந்த வேலையின் மதிப்பு எனக்கே முழுதாகத் தெரிந்தது 2020-ல்தான். ஏப்ரலில் கொவிட் கட்டுப்பாடு வந்தபோது, இறுதிச் சடங்கில் ஒரே நேரத்தில் 10 பேருக்கு மேல் நிற்க முடியாது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வர வழியில்லை. வர முடியாதவர்கள் பூ அனுப்பினார்கள். திருச்சியிலிருந்து ஒரு மகன் போனில் அழுதுகொண்டே, அம்மாவுக்கு மல்லிகை என்றால் உயிர் என்றார். இந்திய விமானங்கள் நின்றிருந்தன, எங்கள் கடையில் ஒரு முழம்கூட இல்லை. இல்லை என்பதை அவரிடம் நேராகவே சொன்னேன். வெள்ளை ஆர்க்கிட் இதழ்களை மல்லிகைச் சரம் போலவே நெருக்கி, இடையிடையே துளசி வைத்துக் கட்டி, கட்டும்போதே அவருக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் இன்னும் நெருக்கமாக, அக்கா" என்று அங்கிருந்து சொன்னார், அப்படியே கட்டினேன். அன்றைக்குக் காசு வாங்க மனம் வரவில்லை. அவர் விடவில்லை, வாங்கிக்கொண்டேன்.

அதனால்தான் ஒரு விஷயத்தில் உன்னை எச்சரிக்கிறேன். ஒரு வீட்டில் சடங்கு முடிந்ததும் நல்ல நிலையில் இருக்கும் வளையத்தை எடுத்துவந்து, வாடியதை மாற்றி, அட்டையை மாற்றி அடுத்த வீட்டுக்கு அனுப்பும் ஆட்கள் இந்தத் தொழிலில் உண்டு. உன்னை அதில் கைவைக்கச் சொன்னால் அன்றைக்கே அந்தக் கடையை விட்டுவிடு. வேறு கடை கிடைக்கும். ஸ்டாண்டைத் திரும்ப எடுத்து வரலாம், பூவை எடுத்து வராதே. பிளாஸ்டிக் பூவை நடுவே செருகி இடத்தை நிரப்புவதும் எனக்கு ஆகாது. முதலாளி சொன்னாலும் ஒருமுறையாவது வேண்டாம் என்று சொல்லிப் பார். அட்டையில் இறந்தவர் பெயரின் எழுத்தை வண்டி கிளம்புமுன் இருவராகச் சரிபாருங்கள். சீன எழுத்து உனக்குப் படிக்க வராது என்றால், ஆர்டர் தாளில் உள்ளதையும் அட்டையில் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடு கோடாக ஒப்பிடு.

போகலாமா என்று கேட்டாய். போ. நல்ல தொழில், மரியாதையான தொழில்.

கையில் இப்போதே தோல் உரிகிறது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதை லேசாக எடுத்துக்கொள்ளாதே. செவ்வந்திச் சாறும், லில்லி போல இருக்கும் அல்ஸ்ட்ரோமீரியாப் பூவின் சாறும் பூக்கடைக்காரர்களின் விரல் நுனியை வெடிக்க வைக்கும். சிலருக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு போகவே போகாது. சாதாரண ரப்பர் கையுறை அல்ஸ்ட்ரோமீரியாச் சாற்றைத் தடுக்காது, நைட்ரைல் கையுறை என்று கேட்டு வாங்கு. வெடிப்பு ஆறவில்லை என்றால் பாலிகிளினிக்கில் காட்டி, என்ன பூ தொடுகிறாய் என்பதையும் சொல். கடையில் கையுறை கொடுப்பார்கள் என்று முதல் சம்பளம் வரை காத்திருக்காதே, உன் காசிலேயே ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போ.