‘ம்’ கொட்டாமல் பேட்டி எடுப்பது எப்படி?

கோலாலம்பூரில் சில காலம் வானொலிக்காக நடிகர்களையும் பாடகர்களையும் பேட்டி எடுத்திருக்கிறேன். அதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

செந்தூலிலிருந்து: அண்ணே, கதை கேட்டால் ‘ம்’ கொட்டுவோம். பேட்டி எடுப்பவர் ஏன் பல நேரம் சிலையாட்டம் இருக்கிறார்?

‘ம்’ கொட்டினால் கதை உங்களுக்குச் சொல்லப்படுகிறது என்று ஆகிவிடும். அது போய்ச் சேரவேண்டியதோ வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு. செய்திப் பேட்டிகளை ஆராய்ந்த ஜான் ஹெரிடேஜ் 1985இல் இதைத்தான் எழுதினார்: ‘ஓ, அப்படியா’ என்று நாம் வாங்கிக்கொள்ளும் இடத்தில் பேட்டியாளர் சும்மா இருக்கிறார். நட்சத்திரப் பேட்டியில் இந்தக் கட்டு தளரும், சிரிப்பெல்லாம் வரும். ஆனால் அவர் பேச்சின் மேல் உங்கள் சிரிப்பு விழுந்தால் எடிட்டிங்கில் பிரிக்கப் படாத பாடு படவேண்டும். தலையை மட்டும் ஆட்டுங்கள்.

செராஸிலிருந்து: கல்யாணம் எப்போது என்று கேட்டால் நழுவிவிடுகிறார்களே?

‘பசியாறியாச்சா?’ என்றால் ‘ஆச்சு’ உடனே வரும். விருந்துக்குக் கூப்பிட்டு, வர முடியாதவர் என்ன சொல்வார்? ‘இல்ல... வந்து... அன்னைக்கு ஒரு வேலை...’ என்று இழுப்பார். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வந்த ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சராசரியாக ஏறக்குறைய 0.2 நொடிதான் இடைவெளி. தமிழ் அந்தப் பத்தில் இல்லை, இருந்தாலும் நம் காதும் தாமதத்தைக் கண்டுபிடித்துவிடும். நட்சத்திரம் இரண்டு நொடி பேசாமல் இருந்தால் அதுவே பாதி பதில்.

அங்கேதான் நான் ஒருமுறை கோட்டைவிட்டேன். மௌனத்தைத் தாங்க முடியாமல் ‘சரி, படத்தைப் பற்றிப் பேசுவோம்’ என்று நானே கதவைத் திறந்துவிட்டேன். அவர் நன்றியோடு வெளியே போய்விட்டார்! இன்னொன்று, இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்காதீர்கள். சுலபமானதற்கு மட்டும் பதில் வரும்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து: நடிப்பைப் பாராட்டினால் உடனே இயக்குநரைப் புகழ்கிறார்களே, பணிவா?

பாராட்டை ஒத்துக்கொண்டால் தற்பெருமை, மறுத்தால் பாராட்டியவருக்கு முகத்தில் அடித்த மாதிரி. இந்தச் சிக்கலைப் பற்றி, மனிதர்களின் உரையாடலை ஆராய்ந்த அனிதா பொமரான்ட்ஸ் 1978இலேயே எழுதியிருக்கிறார். அதனால் பாராட்டைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுகிறார்கள். யாரும் கிடைக்காவிட்டால் கடவுள் இருக்கிறார்.

பங்சாரிலிருந்து: சட்சட்டென்று கேள்வி கேட்டு உடனே பதில் வாங்கும் ‘ரேபிட் ஃபயர்’ எதற்கு?

இழுத்து யோசிக்கும் அந்த நேரத்தைப் பறிப்பதற்கு. அவ்வளவுதான்.

பத்துகேவ்ஸிலிருந்து: கல்லூரி விழாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வரும் பாடகரைப் பேட்டி எடுக்கப் போகிறேன். முதல் கேள்வி என்ன கேட்கலாம்?

‘மலேசியா பிடிச்சிருக்கா?’ மட்டும் வேண்டாம், தம்பி. ‘ரொம்பப் பிடிச்சிருக்கு, சாப்பாடு சூப்பர்’ என்ற பதிலோடுதான் விமானத்தைவிட்டே இறங்குகிறார்கள். உங்கள் ஊர் பத்துமலையில் 272 படியும் ஏறினாரா என்று கேளுங்கள். ஏறியிருந்தால் கதை வரும், ஏறாவிட்டால் சாக்கு வரும். எது வந்தாலும் ‘ம்’ கொட்டாமல் காத்திருங்கள்.