பழைய சாகாவின் பிரேக் குழாய் துருப்பிடித்து ஒழுகுகிறது. வீட்டிலேயே மாற்றலாமா?

கேட்டவர் மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்காரர். அப்பா ஓட்டிய பழைய புரோட்டோன் சாகா கார், பின்சக்கரத்துக்குப் போகும் இரும்புக் குழாயில் கசிவு. ஒழுகும் இடத்தை மட்டும் வெட்டி இணைப்பு போட்டால் போதுமா, முழுசாக மாற்றணுமா, வீட்டில் செய்ய முடியுமா என்கிறார்.

முழுசாக மாற்றுங்கள். வீட்டில் செய்யலாம். குழாயை வளைத்துப் பொருத்துவது பெரிய வித்தை இல்லை. பழைய நட்டுகளை முனை மழுங்காமல் கழற்றுவதும், புதுக் குழாயின் வாயை ஒழுங்காக விரிப்பதும்தான் உண்மையான வேலை. இந்த இரண்டில் எதிலாவது கை நடுங்கினால் அந்தப் பகுதியை மட்டும் மெக்கானிக்கிடம் கொடுக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அதுவரை காரை எடுக்காதீர்கள். "பக்கத்துப் பட்டறை வரைக்கும்தானே" என்றும் எடுக்காதீர்கள், இழுவை லோரியைக் கூப்பிடுங்கள். சாகா போன்ற முன்சக்கர இயக்கக் கார்கள் பெரும்பாலானவற்றில் பிரேக் ஆயில் இரண்டு வழியாகப் பிரிந்து போகும். ஒரு முன்சக்கரமும் அதற்குக் குறுக்கே இருக்கும் பின்சக்கரமும் ஒரு வழி, மற்ற இரண்டும் இன்னொரு வழி. ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் பெடல் பாதி தூரம் சும்மா இறங்கிய பிறகுதான் பிடிக்கும், அதுவும் பாதிப் பலத்தில். முன்னால் போகும் மோட்டார்சைக்கிள்காரருக்கு அந்த இடைவெளி போதாது.

பனி நாடுகளில் சாலையில் கொட்டும் உப்புதான் இந்தக் குழாய்களைத் தின்னும். இங்கே பனி இல்லை, கடற்காற்று இருக்கிறது. அதைவிட மோசம் தேங்கி நிற்கும் சேறு. பெட்ரோல் டாங்குக்கு மேலே, பின் அச்சுப் பக்கம், குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளுக்கு அடியில் ஈரம் மாசக்கணக்கில் காயாது. 2017 நவம்பர் வெள்ளத்தில் பினாங்கில் மூழ்கிய கார்களில் எத்தனையோ வெளியே கழுவித் துடைத்து மறுபடி ஓடின, அடியில் யார் பார்த்தார்கள்? துரு மேலேயே கறுப்புப் பூச்சு அடித்து மறைத்திருந்தால் இன்னும் தெரியாது. சொந்தக் காருக்கு இங்கே ஆண்டுதோறும் சோதனையும் கிடையாது. பெயர் மாற்றும்போதுதான் வாகனச் சோதனை நடத்தும் புஸ்பாகோம் பக்கம் போகிறோம். ஒரே குடும்பத்தில் அப்பா கையிலிருந்து பிள்ளை கைக்கு வந்த கார் என்றால், வயிற்றுப் பக்கத்தை ஒருவரும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

வெட்டி இணைப்பு ஏன் வேண்டாம் என்றால், அழுத்தம். டயரில் காற்று 2 பார் அளவுதான். பலமாக பிரேக் மிதிக்கும்போது குழாய்க்குள் 70, 100 பார் வரை ஏறும். தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற அழுத்து வளையம் வைத்த இணைப்பை இதில் போடவே கூடாது, பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். முனை விரித்துப் போடும் சரியான இணைப்பு இருக்கிறது, அது தாங்கும். ஆனால் ஒரு இடத்தில் ஓட்டை விழுந்த குழாய் பக்கத்து ஒரு முழத்துக்கும் தாள் மாதிரி மெலிந்துதான் இருக்கும். அதோடு இணையாகப் போகும் மற்ற குழாய்க்கும் அதே வயசு. நானாக இருந்தால் பின்பக்கம் இரண்டையும் மாற்றிவிடுவேன்.

என்ன குழாய் வாங்குவது? செம்பும் நிக்கலும் கலந்த குழாய், 3/16 அங்குலம், அதாவது 4.75 மில்லிமீட்டர். சுருளாக விற்கிறார்கள். துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். வெறும் செம்பு வேண்டாம். அதிர்வில் இறுகி, நாளடைவில் வெடிப்பு விடும். ஸ்பேர் பார்ட்ஸ் கடைத் தவுக்கே (முதலாளி) "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி" என்பார். ஒன்று இல்லை.

இப்போது நட்டு. முதல் நாள் சாயங்காலமே கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். மறுநாள் காலையில் இன்னொரு முறை. சாதாரண ஸ்பேனர் வைத்தால் அறுகோணத்தின் மூலைகள் வழுக்கிப் போகும். நட்டை ஐந்து பக்கம் கவ்வும், குழாய் நுழைய மட்டும் வாய் திறந்த ஸ்பேனர் ஒன்று இருக்கிறது, ஃபிளேர் நட் ஸ்பேனர் என்று கேளுங்கள். ஜப்பானிய வழி வந்த கார்களில் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் அளவு. அப்படியும் அசையவில்லையா? எப்படியும் பழைய குழாய் குப்பைக்குத்தான். நட்டுக்கு ஒட்டினாற்போல் குழாயை வெட்டிவிட்டு, ஆறு முனை சாக்கெட்டை முழுசாக மாட்டித் திருப்புங்கள். பாதிப் பிடிவாதம் அங்கேயே தளரும். நெருப்பு காட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பக்கத்திலேயே பெட்ரோல் குழாய் போகும், பிரேக் ஆயிலும் பற்றிக்கொள்ளும். சக்கரத்துப் பக்க நட்டு கடைசிவரை வரவில்லை என்றால் அந்த நட்டு ஏறியிருக்கும் வீல் பம்பையே (சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் சிலிண்டர்) புதுசாக மாற்றிவிடுவது மல்லுக்கட்டுவதைவிட மலிவு.

காரை ஜாக்கில் மட்டும் தூக்கி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் வையுங்கள், சமமான சிமெண்டுத் தரையில். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் முன்பக்கத் தரை தண்ணீர் ஓடச் சாய்வாகப் போட்டிருப்பார்கள், பார்த்துச் செய்யுங்கள்.

பழைய குழாயை முடிந்தவரை முழுசாக இறக்குங்கள், அதுதான் அளவும் அச்சும். வளைவுகளைப் பெரிய சாக்கெட் ஒன்றைச் சுற்றி மெதுவாக வளைத்தால் குழாய் நசுங்காது. வெட்டுவதற்குச் சின்னச் சக்கரக் கட்டர், ரம்பம் வேண்டாம். உள் விளிம்பைச் சுரண்டி, தூளை ஊதிவிடுங்கள்.

விரிப்பதற்கு முன் பழைய முனையை உற்றுப் பாருங்கள். புனல் மாதிரி உள்ளே மடிந்து இரட்டைச் சுவராக இருந்தால் அது டபுள் ஃபிளேர், சாகா, கஞ்சில் போன்றவற்றில் பொதுவாக இதுதான். குமிழ் மாதிரி பருத்திருந்தால் அது ஐரோப்பிய வகை. ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. உட்கார்ந்த மாதிரி தெரிந்தாலும் ஒழுகும். ஒற்றை மடிப்போடு நிறுத்தினால் விளிம்பு கிழியும், அது பிரேக்குக்கு ஆகாது. விரிக்கும் கருவியில் குழாயைக் கவ்வும் கட்டையிலிருந்து குழாய் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை, முதல் மடிப்புக்கு வைக்கும், குழாய் அளவுக்குரிய குமிழ் அச்சின் விளிம்பு உயரம் காட்டும். ஒரு சொட்டு பிரேக் ஆயில் தடவி அந்த அச்சை வைத்து இறுக்குங்கள், பிறகு அச்சை எடுத்துவிட்டுக் கருவியின் கூம்பால் மறுபடி. துண்டுக் குழாயில் நான்கைந்து செய்து பார்த்த பிறகு உண்மையான குழாயில் கை வையுங்கள். முனை கோணாமல், கீறல் இல்லாமல், வட்டமாக வரவேண்டும். விரிப்பதற்கு முன்னால் நட்டைக் குழாயில் கோத்துவிடுங்கள், இதை மறக்காத மெக்கானிக் உலகத்தில் இல்லை. கருவி வாங்க மனசில்லையா, பழைய குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு பிரேக் வேலை செய்யும் கடைக்குப் போங்கள், அதே நீளத்தில் முனை விரித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பொருத்துவது உங்கள் வேலை.

பொருத்தும்போது எல்லா நட்டையும் கையாலேயே சில சுற்று ஏற்றிவிட்டு அப்புறம் ஸ்பேனர். கிளிப் ஒன்றையும் விடாதீர்கள். குழாய் அச்சிலோ சைலன்சரிலோ உரசக்கூடாது.

குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க ஒரு ஆள் துணை வேண்டும். பெடலை மிதித்துப் பிடிக்கிறவர் ஒருவர், சக்கரத்துப் பக்கம் காற்றுத் திருகைத் திறந்து மூடுகிறவர் இன்னொருவர். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். மேலே டப்பாவில் ஆயில் வற்ற விடாதீர்கள். எந்தச் சக்கரம் முதலில் என்பதை உங்கள் மாடல் கையேட்டில் பாருங்கள், எல்லாக் காருக்கும் ஒன்றல்ல. பலர் கவனிக்காத ஒன்று: பழைய காரில் பெடலைத் தரை வரை மிதிக்க விடாதீர்கள். பெடல் தள்ளும் மாஸ்டர் பம்புக்குள் வருஷக்கணக்காக ரப்பர் போகாத பகுதி சொரசொரவென்று இருக்கும், அங்கே போய் உரசினால் ரப்பர் கிழிந்து பம்பும் போகும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும். பிரேக் ஆயில் காரின் பெயிண்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஒரு நிமிஷம் பலமாக மிதித்துப் பிடியுங்கள், பெடல் மெல்லக் கீழே இறங்கக் கூடாது. இணைப்புகளைக் காய்ந்த டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். முதல் ஓட்டம் உங்கள் தாமானுக்குள், நடை வேகத்தில். பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் மலைச் சாலை ஏறி பாலிக் புலாவ் இறங்கித்தான் பார்ப்பேன் என்று கிளம்பாதீர்கள். சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி டிஷ்யூ.

கருவி வாங்குவதற்கு முன் பழைய குழாயின் முனையை மிகக் கிட்டத்திலிருந்து ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.