கிட் காருக்கு பைக் எஞ்சினா, கார் எஞ்சினா?

லோட்டஸ் செவன் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் பாணியில், பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கிட் காருக்கு சுசுகி ஹயபுசா பைக்கின் எஞ்சினா, ஃபோர்டு 2 லிட்டர் ஸீடெக் கார் எஞ்சினா என்று கேட்டிருக்கிறீர்கள். சாலையில் ஓட்டத்தான் என்றால் தயங்காமல் ஸீடெக்கை எடுங்கள்.

1999 ஹயபுசா 1,299 சிசியிலேயே சுமார் 175 குதிரைத்திறன் தரும், எடையும் குறைவு. ஆனால் அந்தத் திறன் நிமிடத்துக்கு 9,800 சுழற்சியில்தான் கிடைக்கிறது. நெரிசலில் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அரை டன் வண்டியின் பாரம் பைக்குக்காகச் செய்த கிளட்ச் தட்டுகளின் மேல் விழும். ரிவர்ஸ் கியரும் கிடையாது.

எல்லாவற்றையும்விட எண்ணெயைக் கவனியுங்கள். வளைவில் பைக் சாயும், கார் சாயாது. அதனால் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சினால் எஞ்சின் பேரிங் போய்விடும். தடுப்புத் தகடு வைத்த எண்ணெய்த் தொட்டி இல்லாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

பந்தயத் தடத்துக்கு மட்டும் என்றால் ஹயபுசாதான். பைக் கியர் மாறும் வேகம் ஸீடெக்கில் வராது.