தவணை முடிவதற்குள் அடுத்த பெட்டி

கேள்வி: போக்கிமான் கார்டு விளையாட்டில் புதிய தொகுப்பு வெளியாகும்போதெல்லாம் இரண்டு பூஸ்டர் பெட்டிகளை, அதாவது எந்தக் கார்டு இருக்கிறதென்று தெரியாத பாக்கெட்டுகள் அடங்கிய பெட்டிகளை, முன்பதிவு செய்வது என் வழக்கம். ஒன்றைப் பிரிப்பேன், மற்றொன்றை முதலீடாக முத்திரை கலையாமல் வைப்பேன். இப்படி எட்டுப் பெட்டிகள் சேர்ந்திருக்கின்றன. கடன் அட்டையில் ஒன்பது மாதத் தவணையாக வாங்குவதால் பாரம் தெரியாது என்று நினைத்தேன். இப்போது மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை. மைத்துனரும் தமக்கான பெட்டிகளை என் அட்டையிலேயே வாங்கித் தரச் சொல்கிறார். விற்றதும் பணம் தருவதாகச் சொல்கிறார். தனிநபர் கடன் ஒன்றை எடுத்து எல்லாத் தவணைகளையும் அடைத்துவிட்டு, பெட்டிகளின் விலை ஏறும்வரை காத்திருக்கலாமா? அடுத்த தொகுப்புக்கும் முன்பதிவு செய்திருக்கிறேன்.

பதில்: சேமிப்பின் அவசியத்தையோ கடன் அட்டை வட்டியின் கடுமையையோ உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. கார்டு சேகரிப்பதும் தவறான பொழுதுபோக்கு அன்று. உங்களுக்குக் கேடு செய்வது ஒன்றே ஒன்றுதான்: தொகுப்புகள் ஏறக்குறைய மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வருகின்றன, நீங்களோ ஒவ்வொன்றையும் ஒன்பது மாதத் தவணையில் வாங்குகிறீர்கள். ஆகவே எந்த மாதத்தை எடுத்துக்கொண்டாலும் மூன்று தொகுப்புகளுக்கான தவணை ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும். முதல் தவணை முடியும் மாதத்திலேயே நான்காவது தொகுப்பு வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். உங்கள் மாதச் சம்பளம் 100 என்றும், ஒரு பெட்டியின் விலை 9 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு பெட்டிகளுக்கு 18. மாதம் ஒன்றரை சதவீத வட்டியில் இதற்கான தவணை இரண்டுக்குச் சற்று மேல். மூன்று தொகுப்புகளுக்கும் சேர்த்து மாதந்தோறும் ஆறரை. ஒரு வெளியீடு முடிந்த மறுநாள் நிலுவையைக் கூட்டினால் 36-ஐத் தாண்டும். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இந்தக் கடன், நீங்கள் வழக்கத்தை மாற்றாதவரை, எத்தனை ஆண்டுகள் ஒழுங்காகத் தவணை கட்டினாலும் குறையவே குறையாது. தனிநபர் கடன் எடுத்தால் வட்டி சற்றுக் குறையலாம். ஆனால் அட்டையில் செலவழிக்க மீண்டும் இடம் கிடைத்துவிடும், அடுத்த வெளியீட்டு நாளில் அது உங்களைச் சும்மா விடாது. ஆறு மாதங்களில் தனிநபர் கடனும் இருக்கும், தவணைகளும் இருக்கும். எனவே அந்தக் கடன் வேண்டாம்.

பிரிக்காத பெட்டி முதலீடு என்ற எண்ணத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இங்கே மட்டும் பெட்டியின் விலையையே 100 என்று வைத்துக்கொள்வோம்; வட்டியும் கட்டணமும் சேர்ந்து அது 110 ஆகிறது. விற்கும்போது இணைய விற்பனைத் தளத்தின் தரகு, பொதி கட்டுதல், அனுப்பும் செலவு எல்லாம் சேர்த்து விற்பனைத் தொகையில் 15 சதவீதம் போகும் என்று கொண்டால், போட்ட பணம் திரும்புவதற்கே ஏறத்தாழ 130-க்கு விற்றாக வேண்டும். அதாவது விலை முப்பது சதவீதம் ஏறினால்தான் நீங்கள் தொடங்கிய இடத்தில் நிற்கிறீர்கள். இலாபம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

அந்த ஏற்றம் யாருடைய கையில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். எத்தனை கார்டுகள் அச்சிடுவது, எப்போது மறுபடி அச்சிடுவது என்பதை நிறுவனம் ஒன்றே தீர்மானிக்கிறது. போக்கிமான் கார்டுகள் 2021-22 நிதியாண்டில் மட்டும் 900 கோடிக்கு மேல் அச்சாயின; 2023-24-இல் அது 1,100 கோடியைத் தாண்டியது. 2023-இல் வந்த '151' தொகுப்பு கிடைக்காமல் விலை ஏறியபோது, நிறுவனம் அதை மீண்டும் அச்சிட்டுச் சந்தைக்கு அனுப்பியது. மேஜிக் என்ற மற்றொரு கார்டு விளையாட்டில் 1995-இல் 'குரோனிக்கிள்ஸ்' என்ற மறுபதிப்புத் தொகுப்பு பழைய கார்டுகளின் விலையை இறக்கியதால் சேகரிப்பாளர்கள் கொதித்தெழுந்தனர். அதன் விளைவாகவே குறிப்பிட்ட சில கார்டுகளை இனி அச்சிடுவதில்லை என்ற பட்டியல் 1996-இல் வந்தது. நீங்கள் வாங்கும் புதிய தொகுப்புகளுக்கு அப்படிப்பட்ட உறுதிமொழி எதுவும் கிடையாது. 1999-ஆம் ஆண்டுப் பெட்டிகள் இன்று பெரும் விலைக்குப் போவதற்குக் காரணம், அன்று குழந்தைகள் அவற்றைப் பிரித்து விளையாடித் தீர்த்ததுதான். இன்று உங்களைப் போலவே ஆயிரக்கணக்கானோர் அலமாரியில் அடுக்கி வைத்துக்கொண்டு, அடுத்தவர் பிரித்துவிடுவார் என்று காத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் யாராவது தரச்சான்று பெற்ற (நிலையைச் சோதித்து மதிப்பெண் இடப்பட்ட) ஒரு கார்டில் பலரோடு சேர்ந்து பகுதி உரிமை வாங்கச் சொல்வார்கள், அல்லது ஆண்டுவிழாப் பதிப்பு என்று ஒன்றைக் காட்டுவார்கள். 2022-இல் மேஜிக்கின் முப்பதாம் ஆண்டையொட்டி வெறும் நான்கு பாக்கெட்டுகள் 999 டாலருக்கு விற்கப்பட்டன. அந்தக் கார்டுகளை அதிகாரபூர்வப் போட்டிகளில் பயன்படுத்தவும் அனுமதியில்லை. இவற்றைப் பற்றி மேலே எழுத எனக்குப் பொறுமை இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது, எட்டில் ஐந்து பெட்டிகளை விற்பது. சம்பளம் 100, பெட்டி 9 என்ற முதல் கணக்கின்படி, வாங்கிய விலைக்கே விற்றாலும் செலவு போகச் சுமார் 38 கைக்கு வரும். நிலுவை முழுவதும் அடையும். தவணையை முன்கூட்டி முடிப்பதற்குக் கட்டணம் உண்டா என்று வங்கியிடம் முதலில் கேட்டுவிடுங்கள். எந்தப் பெட்டியை விற்பது என்று முடிவு செய்யும்போது, விற்பனைக்கு வைத்திருப்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். உண்மையில் விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி உங்களைத் திடுக்கிட வைக்கலாம். அச்சு நின்றுபோய், விலை சற்றேனும் ஏறியிருப்பவற்றை முதலில் விற்றுவிடுங்கள். அவைதான் சிறந்தவை என்று மனம் தயங்கும். ஆனால் வாங்க ஆள் இருப்பதும் அவற்றுக்குத்தான்.

மைத்துனர் விஷயத்தில் நீளமாக யோசிக்க ஒன்றுமில்லை. விற்றதும் தருகிறேன் என்றால், விலை இறங்கினால் அந்த நட்டம் உங்களுடையது என்று பொருள். ஏற்கெனவே வாங்கிக் கொடுத்ததற்கு மாதந்தோறும் தவணைத் தேதிக்கு முன் பணம் தரச் சொல்லுங்கள். புதிதாக எதுவும் வேண்டாம். அட்டையில் வரம்பு மிச்சமில்லை என்று சொல்வது பொய்யாகவும் இருக்காது.

கடன் அடைந்த பிறகு மாதம் மூன்று வீதம் தனியாக எடுத்து வைத்தால், மூன்று மாதத்தில் ஒன்பது ஆகும்; அதாவது ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு பெட்டியை ரொக்கமாகவே வாங்கலாம். தவணைக்குப் போய்க்கொண்டிருந்த ஆறரையில் மீதி மூன்றரை உங்கள் சேமிப்புக்குப் போகட்டும். ஒரு பெட்டியில் 36 பாக்கெட்டுகள், பாக்கெட்டுக்குப் பத்துக் கார்டுகள் என்றால் 360 வருகின்றன; அவற்றில் பெரும்பகுதி உங்களிடம் முன்பே இருப்பவை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். குறிப்பிட்ட கார்டு வேண்டுமென்றால், வெளியீட்டு வாரத்தின் பரபரப்பு அடங்கி விலை இறங்கும்வரை சில வாரங்கள் பொறுத்து, அதைத் தனியாக வாங்குவதே மலிவு.

செய்திருக்கும் முன்பதிவைக் கடைக்காரர் அனுப்புவதற்கு முன் இரத்து செய்யக் கேளுங்கள். முடியாது என்றால் இரண்டு பெட்டிகளையும் பிரிக்காமல் முதல் வாரத்திலேயே விற்றுவிடுங்கள், ஏனெனில் தட்டுப்பாடு இருக்கும்போதுதான் நல்ல விலை கிடைக்கும், மறு அச்சு வந்துவிட்டால் கடைக்காரரோடு நீங்கள் போட்டியிட வேண்டியிருக்கும்.