சாதா வால்வுதானே என்று தூத்துக்குடிக்கு ஏற்றிவிடாதீர்கள்

கேள்வி: திருநெல்வேலி பேட்டையில் சிறிய சி.என்.சி. பட்டறை நடத்துகிறோம். வார்ப்பு வாங்கிக் கடைந்து வால்வு செய்து கொடுப்போம். இதுவரை உள்ளூர் ஆர்டர்தான். இப்போது துபாய் வியாபாரி ஒருவர் ஒன்றரை இன்ச், இரண்டு இன்ச் அளவுகளில் அலாய் 20 என்ற நிக்கல்-குரோமியக் கலவையில் வால்வு 60, டெஃப்லான் லைனிங் போட்ட வார்ப்பிரும்பு வால்வு 200 கேட்கிறார். கிளியரிங் ஏஜென்ட் 'ஸ்கோமெட் வருமான்னு பார்த்துக்கோங்க' என்கிறார். ஆயுதம் எதுவும் செய்யாத எங்களுக்கு அது ஏன்? அமெரிக்காவிலிருந்து விலை கேட்டு வந்த இன்னொரு கடிதத்தில், எஃகை எந்த நாட்டில் உருக்கியது என்று சான்று கேட்கிறார்கள். அது எதற்கு?

பதில்: ஏஜென்ட் சொன்னது சரி. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் டெஃப்லான் வால்வு கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வருகிறது. அலாய் 20 வால்வும் பெரும்பாலும் வரும். உரிமம் கையில் இல்லாமல் சரக்கைத் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டாம்.

ஸ்கோமெட் என்பது வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.எஃப்.டி. வெளியிடும் பட்டியல். அணு, ரசாயன, உயிரி ஆயுதங்களுக்கும் ஏவுகணைக்கும் பயன்படக்கூடிய பொருள், இயந்திரம், தொழில்நுட்பம் எல்லாம் அதில் இருக்கின்றன. துப்பாக்கியும் குண்டும் அதில் ஒரு பிரிவு மட்டுமே. மற்றவற்றில் பெரும்பகுதி இரண்டு வேலைக்கும் ஆகிற சரக்கு. உரத் தொழிற்சாலையிலும் மருந்துக் கம்பெனியிலும் ஓடுகிற அதே வால்வு, நச்சு வாயு தயாரிக்கும் இடத்திலும் ஓடும். அந்தத் தயாரிப்பில் வரும் அமிலங்கள் சாதா எஃகை அரித்துவிடும் என்பதால் அரிப்பைத் தாங்கும் உலோகமும் லைனிங்கும் இல்லாமல் அந்த வேலை நடக்காது. ஈரான் போரில் ஈராக் ரசாயன ஆயுதம் பயன்படுத்திய பிறகு, 1985-ல் சில நாடுகள் கூடி இத்தகைய கருவிகளுக்கு ஒரு பொதுப் பட்டியல் போட்டன. ஆஸ்திரேலியா குழு என்று பெயர். இந்தியா அதில் 2018 ஜனவரியில் சேர்ந்தது. வால்வு, பம்ப், ரியாக்டர், ஹீட் எக்ஸ்சேஞ்சர் எல்லாம் நம் பட்டியலில் '3டி' என்ற பகுதியில் இருக்கின்றன.

முதலில் செய்யும் தவறு, சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எச்.எஸ். கோடை வைத்துப் பார்ப்பது. வால்வுக்கு 8481 போட்டுப் பார்த்தால் ஏற்றுமதிக்குத் தடையில்லை என்றுதான் தெரியும். ஸ்கோமெட் பட்டியல் கோடு எண்ணைப் பார்ப்பதில்லை; அளவையும், திரவம் படும் இடத்தில் என்ன உலோகம் இருக்கிறது என்பதையும் பார்க்கிறது. அளவில் தப்பிக்க வழியில்லை. பெயரளவு விட்டம் 10 மி.மீ.க்கு மேல் போனாலே கணக்கில் வரும், அதாவது அரை இன்ச் வால்வே உள்ளே. ஆகவே எல்லாம் உலோகத்தில்தான் நிற்கிறது.

நிக்கல் 40 சதவீதத்துக்கு மேல் உள்ள கலவை என்றால் உள்ளே. மோனல், இன்கோனல், ஹாஸ்டெல்லாய் சி-276 எல்லாம் இதில் விழும். நிக்கல் 25 சதவீதத்துக்கும், கூடவே குரோமியம் 20 சதவீதத்துக்கும் மேல் இருந்தாலும் உள்ளே. டைட்டானியம், டான்டலம், ஜிர்கோனியம், நியோபியம், கண்ணாடி லைனிங் உள்ளே. ஃப்ளோரின் 35 சதவீதத்துக்கு மேல் உள்ள பாலிமரும் உள்ளே. டெஃப்லானில் எடைக்கு 76 சதவீதம் ஃப்ளோரின் என்பதால் அதில் விவாதமே கிடையாது. வெளிப்புறம் வெறும் வார்ப்பிரும்புதானே என்ற பேச்சு எடுபடாது. திரவம் படுவது லைனிங்கில்தான். 316 எஃகு வார்ப்பான சி.எஃப்.8.எம். கிரேடில் நிக்கல் 9 முதல் 12 சதவீதம்தான் என்பதால், லைனிங் இல்லாத 316 வால்வுக்குப் பட்டியலின் இந்தப் பதிவில் சிக்கல் இல்லை.

அலாய் 20 தான் தலைவலி. வார்ப்பில் அது சி.என்.7.எம். கிரேடு: நிக்கல் 27.5 முதல் 30.5 வரை, குரோமியம் 19 முதல் 22 வரை. நிக்கல் எப்படியும் 25-ஐத் தாண்டிவிடும். குரோமியம் மட்டும் 20 என்ற கோட்டுக்கு இரண்டு பக்கமும் விழும். ஒரு ஹீட்டில், அதாவது உலையில் ஒரு தடவை உருக்கியதில், 19.4 வந்தால் வெளியே, அடுத்த ஹீட்டில் 20.3 வந்தால் உள்ளே. ஒரே ஆர்டரில் இரண்டு ஹீட் கலந்திருந்தால் பாதிச் சரக்குக்கு உரிமம் வேண்டும், பாதிக்கு வேண்டாம் என்று ஆகும். பவுண்டரி கொடுக்கும் டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்டை ஹீட் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் வந்தால், உலோகத்தில் எது எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. துப்பாக்கி வைத்து ஒவ்வொரு பாடியையும் சோதியுங்கள். குரோமியத்தை 19.5-ல் நிறுத்தித் தரச் சொல்லி பவுண்டரியிடம் பேசித் தப்பிக்கலாமே என்று தோன்றும். 60 வால்வுக்காக அப்படி அளவுகோல் விளிம்பில் நடப்பதைவிட, எல்லாவற்றையும் கட்டுப்பட்ட சரக்காகவே வைத்து விண்ணப்பிப்பது மலிவு.

வால்வைத் திறந்து மூடும் அடைப்பானான டிஸ்க்கை மட்டும் வேறு உலோகத்தில் போட்டால் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிடலாம் என்று ஒரு யோசனை சொல்வார்கள். ஒரு இன்ச் முதல் நான்கு இன்ச் வரை, அடைப்பானை மாற்றிப் போடும்படி செய்த வால்வுகளுக்குப் பட்டியலில் தனிப் பதிவு உண்டு. அங்கே பாடியின் உட்பக்கம் எதில் ஆனது என்பதை மட்டும்தான் பார்ப்பார்கள். உங்கள் ஒன்றரை இன்ச்சும் இரண்டு இன்ச்சும் சரியாக அந்த இடைவெளியில் நிற்கின்றன. வெறும் பாடி, வெறும் லைனர் அனுப்பினாலும் அவை பாகங்கள் என்ற பெயரில் பட்டியலில் இருக்கின்றன. துருத்தி போன்ற மடிப்பால் கசிவை அடைக்கும் பெல்லோஸ் சீல் வைத்த வால்வு கேட்டால் இன்னும் கவனம்: 5 மி.மீ. அளவிலிருந்தே, அலுமினியத்திலோ, நிக்கல் 60 சதவீதத்துக்கு மேல் உள்ள கலவையிலோ செய்தவை அணுசக்தி சார்ந்த இரட்டைப் பயன் பட்டியலில் வரும்.

இனி ஆளைப் பார்ப்போம். துபாய்க்காரர் வியாபாரி; வால்வை மாட்டப்போவது அவர் இல்லை. கடைசியில் பயன்படுத்தும் ஆலையிடமிருந்து, அதன் சொந்த லெட்டர்ஹெட்டில், இறுதிப் பயனாளர் சான்றிதழ் வேண்டும். எந்த ஊரில் எந்த ஆலையில் என்ன வேலைக்கு, எத்தனை எண்ணம், மறு ஏற்றுமதி செய்ய மாட்டோம் என்ற உறுதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் அதில் இருக்க வேண்டும். இடையில் நிற்கும் வியாபாரியின் பெயரும் விண்ணப்பத்தில் வரவேண்டும். பல விண்ணப்பங்கள் தேங்கி நிற்பது இங்கேதான்: சான்றிதழில் 250 வால்வு, பர்சேஸ் ஆர்டரில் 260, ஆலையின் கையெழுத்து வேண்டிய இடத்தில் வியாபாரி கையெழுத்து, 'இண்டஸ்ட்ரியல் யூஸ்' என்று ஒரே ஒரு வரி. எந்த அமிலம், என்ன செறிவு, என்ன வெப்பம் என்று எழுதி வாங்குங்கள். உண்மையான ஆலைக்காரர் அதை அரை மணி நேரத்தில் கொடுத்துவிடுவார். வால்வுக்கு இன்ஸ்டலேஷன் உதவியும் வேண்டாம், வாரண்டியும் வேண்டாம், பணம் முழுவதும் முன்கூட்டியே தருகிறேன், ஆலை பெயரை மட்டும் கேட்காதீர்கள் என்கிறவரிடம் வேலையை நிறுத்திவிடுங்கள். பட்டியலில் இல்லாத சரக்காக இருந்தாலும், பேரழிவு ஆயுதத்துக்குப் போகிறது என்று தெரிந்தோ சந்தேகப்பட இடமிருந்தோ அனுப்பினால் பேரழிவு ஆயுதத் தடைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம் பாயும். 'மகேந்திரகிரிக்குச் செய்து கொடுத்த அதே டிராயிங்கில் எங்களுக்கும்' என்று இஸ்ரோ மையத்தின் பெயர் சொல்லிக் கேட்பவர் வந்தால் கொட்டேஷனே கொடுக்க வேண்டாம்.

டிராயிங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டுப்பட்ட சரக்கைத் தயாரிப்பதற்கான விவரத்தை மெயிலிலோ வாட்ஸப்பிலோ வெளிநாட்டுக்கு அனுப்பினால் அதுவும் ஏற்றுமதிதான். சரக்கு பேட்டையிலேயே கிடந்தாலும் சரி. விலை கேட்கும் கட்டத்தில் வெளி அளவும் ஃபிளேஞ்ச் விவரமும் போதும். லைனிங் போடும் முறை, மோல்டு டிராயிங் எல்லாம் உரிமத்துக்குப் பிறகு.

விண்ணப்பம் டி.ஜி.எஃப்.டி. தளத்தில் ஆன்லைனில். மதுரை அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். இதை டெல்லித் தலைமையகம் பார்க்கிறது. வெளியுறவு, பாதுகாப்பு, அணுசக்தி உள்ளிட்ட துறைகள் உட்கார்ந்திருக்கும் குழு ஒவ்வொரு விண்ணப்பத்தையும் பரிசீலிக்கும். மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் கொட்டேஷனிலேயே 'டெலிவரி காலம் ஏற்றுமதி உரிமம் கிடைத்த நாளிலிருந்து' என்று எழுதுங்கள். எல்.சி. என்ற வங்கிக் கடனுறுதிக் கடிதம் வாங்கினால் கடைசி ஷிப்மென்ட் தேதியை அதற்கேற்பத் தள்ளி வையுங்கள். இதைக் கவனிக்காமல் 60 நாள் எல்.சி.யை ஒத்துக்கொண்டால், சரக்கு ரெடியாக இருக்க, எல்.சி. காலாவதியாகிக் கிடக்கும். உரிமம் வந்ததும், சுங்கத்தில் கொடுக்கும் ஷிப்பிங் பில்லில் அதன் எண்ணைப் போட வேண்டும். எண்ணிக்கை ஒன்று கூடினாலும் அந்த ஒன்று உரிமமில்லாத சரக்கு. காகிதங்களை 5 ஆண்டு வைத்திருங்கள். நாங்குநேரி சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் உள்ள யூனிட்டுக்குக் கொடுத்தால் இந்த உரிமம் தேவையில்லை. அங்கிருந்து கப்பலேறும்போது தேவை.

'அண்ணாச்சி, இரும்பு வால்வுன்னு இன்வாய்ஸ் போட்டு அனுப்பிருவோம்' என்று சொல்லும் ஆள் எப்போதும் ஒருவர் இருப்பார். அபராதம் சரக்கு மதிப்பில் ஐந்து மடங்கு வரை போகலாம், ஏற்றுமதிக்கான ஐ.இ.சி. எண்ணும் முடங்கலாம். வழக்கு 2005 சட்டத்தில் விழுந்தால் சிறை வரையும் போகலாம். முதலில் மாட்டுவது நீங்கள்தான்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்பதற்குப் பதில் உங்கள் மாவட்டத்திலேயே நிற்கிறது. நாகர்கோவில் ரோட்டில் பணகுடிப் பக்கம் மேற்கே தெரியும் மகேந்திரகிரியில்தான் இஸ்ரோ ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கிறது. ரஷ்யாவிடமிருந்து, மிகவும் குளிரவைத்துத் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் இன்ஜின் தொழில்நுட்பம் வாங்க ஒப்பந்தம் போட்டபோது, 1992-ல் அமெரிக்கா ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டைக் காட்டி இஸ்ரோ மீதும் ரஷ்ய நிறுவனமான கிளாவ்கோஸ்மோஸ் மீதும் தடை போட்டது. மறு ஆண்டு ரஷ்யா தொழில்நுட்பத்தை விட்டுவிட்டு, தயார் இன்ஜின்கள் 7 மட்டும் தருகிறேன் என்றது. சொந்த கிரையோஜெனிக் இன்ஜினோடு ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரியில். ஒரு நாட்டின் பட்டியல் இன்னொரு நாட்டுக்கு இருபது ஆண்டு வேலை வைத்துவிட்டது. இன்று அதே ஏவுகணைக் கட்டுப்பாட்டு அமைப்பில் இந்தியாவும் உறுப்பினர், 2016 முதல். கடற்கரை மணல் கதையும் இதுதான்: இல்மனைட், கார்னெட் ஏற்றுமதியை 2018 ஆகஸ்டில் அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். வழியாக மட்டும் என்று ஆக்கினார்கள். அந்த மணலோடு கலந்து கிடக்கும் மோனசைட்டில் தோரியம் இருக்கிறது.

அமெரிக்காவிலிருந்து விலை கேட்டு வந்த கடிதத்துக்கு வருவோம். அங்கே 1962-ஆம் ஆண்டு வர்த்தக விரிவாக்கச் சட்டத்தின் 232-ஆம் பிரிவு, தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி இறக்குமதிக்கு வரி போட அதிபருக்கு அதிகாரம் தருகிறது. போர்க்காலத்தில் கப்பலுக்கும் டாங்கிக்கும் சொந்த உருக்காலை வேண்டும் என்பது வாதம். அதன்படி 2018-ல் எஃகுக்கு 25 சதவீதம் போட்டார்கள். 2025 ஜூனில் 50 ஆக்கினார்கள். எஃகால் ஆன பாகங்கள் பலவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. அதனால் உங்கள் பாகத்தின் எண் அதில் இருக்கிறதா என்பதை, ஆர்டர் எடுக்கும் நாளில் வாங்குபவரின் சுங்க முகவரிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வரி கட்டுவது இறக்குமதியாளர், ஆனால் விலையைக் குறைக்கச் சொல்லி உங்களிடம்தான் வருவார்.

அந்த வரிக் கணக்குக்காகத்தான் உருக்கிய நாட்டைக் கேட்கிறார்கள். கடைந்த ஊர் எது என்பது அங்கே பொருட்டில்லை. எஃகு முதன்முதலில் திரவமாகி வார்க்கப்பட்ட நாடு எது என்பதே கேள்வி. பாடியைக் கோயம்புத்தூர் பவுண்டரியில் உருக்கி வார்த்திருந்தால் இந்தியா என்று எழுதலாம். வால்வைத் திருகும் தண்டான ஸ்பிண்டிலுக்குக் கடையில் வாங்கிய ரவுண்ட் பார் சீனத்து மில்லில் உருக்கியதாக இருந்தால், பேட்டையில் கடைந்து பாலிஷ் போட்டாலும் அந்தப் பாகத்துக்குச் சீனா என்றுதான் எழுத வேண்டும். பார் வாங்கும்போதே மில் சர்ட்டிஃபிகேட்டின் நகல் கேளுங்கள். வெட்டி விற்கும் கடைக்காரர் தரமாட்டேன் என்றால், ஏற்றுமதி ஆர்டருக்கான பாரை வேறு கடையில் எடுங்கள்.